கல்லறையில் இடம் கேட்டு வந்தால் என்ன சொல்வது?

கேள்வி: ஐயா, காட்பாடி பக்கம் ஒரு சின்ன சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்குச் செயலாளராக இருக்கிறேன். ஞாயிறு காலையில் எங்கள் தெரு முனையிலேயே வேன் வந்து நிற்கிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய ஜெப மண்டபத்துக்கு எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. கோயிலில் பாதி பெஞ்சு காலி. போனவர்கள் சந்தா கட்டுவதில்லை, ஆனால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் எங்களிடம்தான் வருகிறார்கள். இனி அவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று தீர்மானம் போடச் சொல்கிறார்கள் கமிட்டியில் சிலர். என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், காட்பாடி)

பதில்: அந்தத் தீர்மானம் வேண்டவே வேண்டாம். பிணத்தைக் கிடத்திவிட்டு வந்து நிற்கிறவர்களிடம் சந்தா பாக்கி பேசினால், அந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் திரும்பி வர மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களும் அதை மறக்க மாட்டார்கள். தோட்டத்தைப் பராமரிக்கப் பணம் தேவையென்றால் எல்லோருக்கும் ஒரே கட்டணம் வைத்து முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

கல்யாண விஷயம் கொஞ்சம் வேறு. 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி சி.எஸ்.ஐ. குருவானவர் திருமணம் நடத்தலாம். எந்தத் திருச்சபையிலும் சேராமல் நடக்கிற தனிச் சபைப் போதகர் என்றால் அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாத சபைக்காரர்கள் ஓலை (கோயிலில் திருமண அறிவிப்பு) வாசிக்கப் பெரும்பாலும் உங்கள் ஐயரிடம், அதாவது குருவானவரிடம்தான் வருவார்கள். அப்படி வரும்போது உட்காரவைத்து, ஏன் போனீர்கள் என்று கேளுங்கள். குற்றம்சாட்டுகிற குரலில் வேண்டாம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

காதுக்கு இனிக்காத பதில்தான் வரும். கமிட்டி எலக்‌ஷன் வந்தால் வாக்காளர் பட்டியலில் யார் பேரைச் சேர்ப்பது, யார் பேரை எடுப்பது என்று இரண்டு குடும்பம் மோதிக்கொள்கிறது, திருவிருந்துக்குப் போகும்போதுகூட முகம் பார்ப்பதில்லை. நெடுஞ்சாலை மண்டபத்தில் நீ எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. சாதி விசாரிக்கிற கேள்வி அது என்பது உங்களுக்கும் தெரியும், அதிலிருந்து தப்பித்துப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூட்டுவலிக்காரக் கிழவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கை பிடித்து வேனில் ஏற்றுகிறார்கள். நம் கோயில் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, அந்த அம்மாவை யார் கூட்டி வந்தது?

ஆனாலும் உங்கள் சபை கரைந்துபோவது பெரிய இழப்பு என்றுதான் சொல்வேன். அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் கிராமம் கிராமமாக எழுந்தவை சின்னச் சின்னச் சபைகள்தான். பல இடங்களில் ஊரில் சபையை நடத்திய உபதேசியாரே வாத்தியார், பள்ளிக்கூடம் தள்ளிவைத்த சேரிப் பிள்ளைகள் அவரிடம்தான் எழுத்துப் படித்தார்கள். அந்தச் சபைகள்தான் 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்து, 1976இல் வேலூர் பேராயத்தின் (ஒரு பிஷப்பின் கீழுள்ள வட்டாரம்) கீழ் அமைந்தன. அதைத் தாங்கி நிறுத்தியது ஐயர்மார் மட்டும் கிடையாது. அவர்கள் சில வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். பெரிய தனிச் சபையில் ஆரம்பித்தவரே கடைசிவரை போதகர், ஜனம் அவர் முகத்தை நம்பிப் போகிறது. நம்மிடம் நிலையாக இருப்பது ஞாயிறு பள்ளி டீச்சர், கீர்த்தனை எடுத்துக்கொடுக்கிறவர், பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பையன் ஸ்கூலை விட்டு நின்றான் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆயிரம் பேர் கூடுகிற இடத்தில் ஒருத்தர் மூன்று வாரம் வராவிட்டால் எத்தனை பேருக்குத் தெரியப்போகிறது?

அதனால் அடுத்த கமிட்டியில் தீர்மானத்துக்குப் பதிலாக ஒரு நோட்டை எடுத்து, போன குடும்பங்களின் பேரை எழுதி, ஆளுக்கு இரண்டு வீடு பிரித்துக்கொள்ளுங்கள். போய்ப் பார்த்து ஜெபித்துவிட்டு வாருங்கள், சந்தா பேச்சை எடுக்காதீர்கள். வரவு செலவுக் கணக்கைச் சபையில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். அப்புறம் அந்த இரண்டு குடும்பத்துச் சண்டை, அதை முடிக்காமல் மற்றதைச் செய்தும் பிரயோசனம் இல்லை.

கேள்வி: நான் பெரிய சபைக்குப் போகிறவள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான என் தசமபாகம் முழுவதும் அங்கேதான் போக வேண்டுமா?
(வாசகி, ராணிப்பேட்டை)

பதில்: அது உங்கள் மனசாட்சி சம்பந்தப்பட்டது, அம்மா. ஆனால் உங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில், அப்பா அம்மாவை அடக்கம் செய்த கோயில் பக்கத்தில் இருந்தால், சந்தாவை நிறுத்தாதீர்கள். அறுப்பின் பண்டிகைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.