கருவாடும் தொலைநோக்கியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகள் அயர்லாந்தில் பிர் என்கிற சின்ன ஊரில் நர்ஸாக இருக்கிறாள். ஜூலையில் வந்து இரண்டு மாதம் இரு என்கிறாள். அங்கே கடலும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. அவள் டூட்டிக்குப் போய்விட்டால் நான் தனியாக என்ன செய்வேன்? கருவாடு கொண்டு போக விடுவார்களா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: முதலில் கருவாடு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் எடுத்துப் போகக்கூடாது, அதனால் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். மீனுக்குச் சலுகை உண்டு, சொந்த உபயோகத்துக்கு ஒருவர் 20 கிலோ வரை கொண்டு போகலாம். அதற்காக 20 கிலோ கட்டிவிடாதீர்கள் அம்மா, பெட்டியில் இருக்கிற சேலையை யார் கட்டுவது? விசா விஷயமும் கவனம், ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது, அயர்லாந்துக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

சரி, பொழுது. பிர் ஊரில் ஒரு கோட்டை, 1620 முதல் பார்சன்ஸ் என்ற ஒரே குடும்பத்திடம் இருக்கிறது, ஊருக்கே ஒரு காலத்தில் பார்சன்ஸ்டவுன் என்றுதான் பெயர். அந்தக் கோட்டையின் தோட்டத்துக்குள் டிக்கெட் வாங்கிப் போனால், புல்வெளி நடுவே கோட்டைச் சுவர் மாதிரி இரண்டு கற்சுவர்கள், இடையில் ஒரு விசைப்படகு நீளத்துக்குக் குழாய் ஒன்று சங்கிலியில் தொங்கும். அதுதான் தொலைநோக்கி. குழாயின் வாய்க்குள் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே இருந்த ஆடி 72 அங்குலம், செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்தது. நம்ம வெண்கலச் சொந்தம்தான், ஆனால் வெள்ளீயம் கூடுதல், அதனால் வெள்ளி போலப் பளபளக்கும், கை தவறினால் உடையும். அதை உருக்கிய நெருப்பு விறகு நெருப்பு கூட இல்லை, சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்தது! 1845-ல், இதைக் கட்டிய அந்தப் பார்சன்ஸ் குடும்பத்து மூன்றாம் ராஸ் பிரபு இதன் வழியாகப் பார்த்து, வானத்தில் புகைத்திட்டாகத் தெரிந்த ஒரு நட்சத்திரக் கூட்டம் நீர்ச்சுழி போலச் சுருண்டிருப்பதைக் கண்டு வரைந்து வைத்தார். அதே வருஷம் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பஞ்சம் வந்ததால் தொலைநோக்கி கொஞ்ச காலம் சும்மா கிடந்தது. 1917 வரை உலகத்தில் இதைவிடப் பெரிசு கிடையாது. மேகம் விலகாத ஊரில் போய் இதைக் கட்டினார்களே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை, மழையில்லாத நம்ம ராமநாதபுரத்து வானம் இங்கே சும்மா கிடக்கிறது.

இன்னொரு கதை சோகமானது. நுண்ணோக்கி ஆராய்ச்சியில் பேர் வாங்கிய மேரி வார்டு என்ற பெண், இந்த ஊர்த் தெருவில்தான் 1869-ல் நீராவி வண்டியிலிருந்து விழுந்து சக்கரத்தில் சிக்கி இறந்தார். மோட்டார் வண்டி விபத்தில் இறந்த முதல் ஆள் என்று பெரும்பாலும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

பேச்சுத்துணைக்குக் கவலை வேண்டாம். கிராமச் சாலையில் எதிரே வரும் கார்க்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், அது வணக்கம், நீங்களும் கையைத் தூக்குங்கள். வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த கால் மணி நேரத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மகள் இரவு எட்டரைக்கு வந்தாலும் ஜூலை ஆரம்பத்தில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், இரண்டு பேரும் கேம்கர் ஆற்றோரம் ஒரு நடை போய் வரலாம். ஜூலைதானே என்று ஸ்வெட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அயர்லாந்திலிருந்து மகன் தன் சினேகிதர்களைக் கூட்டி வருகிறான். பாம்பனும் தனுஷ்கோடியும் ஒரே நாளில் முடிந்துவிடும். அப்புறம் என்ன காட்டுவது?
– மண்டபம் வாசகர்

பதில்: பாலத்தில் நின்று போட்டோ எடுத்ததும் வேனைத் திருப்புகிறவர்களில் நீங்களும் ஒருவர் போல. அயர்லாந்தில் 1958 முதல் எந்த ஊர் சுத்தம் என்று ஊர்களுக்குள் போட்டியே நடக்கிறது, அந்தப் பிள்ளைகள் நம்ம கடற்கரைக் குப்பையைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதை மறைக்க வழியில்லை. காலையில் கரைவலை இழுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள், நின்று வேடிக்கை பார்க்க விடாமல் கயிற்றைக் கையில் கொடுங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற ஒன்பது கல்லையும் காட்டலாம். மதியம் வீட்டில் மீன் குழம்பு, காரம் பாதி.