ஒரே சர்வர், 30 பேர் லாகின்: 4 பேருக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கினால் போதுமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 30 பேர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒரே விண்டோஸ் சர்வரில் வேலை பார்க்கிறோம். அதில் 4 பேருக்குத்தான் விசியோ (மைக்ரோசாஃப்டின் வரைபட மென்பொருள்) தேவை. சர்வரில் ஒருமுறை இன்ஸ்டால் செய்து, 4 லைசென்ஸ் வாங்கி, மற்றவர்களுக்கு ஷார்ட்கட்டை மறைத்துவிட்டால் சரியாக இருக்குமா?

பதில்: இருக்காது. ஷார்ட்கட் கண்ணில் படாவிட்டாலும், யாராவது மெயிலில் வந்த விசியோ படத்தை இருமுறை கிளிக் செய்தால் மென்பொருள் திறந்துகொள்ளும். பொதுச் சர்வரில் ஒன்றை இன்ஸ்டால் செய்த நிமிடமே, லாகின் உள்ள 30 பேர் கைக்கும் அது போய்விடுகிறது. லைசென்ஸ் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்கும். 26 பேர் அதைத் தொட்டதே இல்லை என்று சொல்வது லைசென்ஸைச் சரிபார்க்கும் ஆடிட்டில் எடுபடாது. அவர்களால் திறக்கவே முடியாது என்று காட்ட வேண்டும்.

அதற்கு முன்னால், அந்த 4 லைசென்ஸ் எந்த வகை என்று பாருங்கள். ஒருமுறை பணம் கட்டி வாங்கும் வால்யூம் லைசென்ஸ் (நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கும் வகை) என்றால், அது சாதனத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. எந்தெந்தக் கணினியிலிருந்து சர்வருக்குள் வந்து விசியோவைத் திறக்க முடியுமோ, அத்தனைக்கும் தனித்தனியாக வேண்டும். அந்த 4 பேர் வீட்டு லேப்டாப்பிலிருந்தும் லாகின் செய்தால் அதுவும் சேரும். இந்த வகையில் ஆள்வாரியாகத் தடுத்தும் பயனில்லை, ஏனென்றால் அனுமதி உள்ளவர் எந்த மேசையில் வேண்டுமானாலும் உட்காரலாம். கடையில் வாங்கும் சில்லறைப் பதிப்போ இந்த வேலைக்கே ஆகாது.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது ஆள்வாரிச் சந்தா: விசியோ பிளான் 2. அதை இன்ஸ்டால் செய்யும்போதே கன்ஃபிகரேஷன் கோப்பில் ஷேர்டு கம்ப்யூட்டர் ஆக்டிவேஷனை இயக்கிவிட வேண்டும். அப்போது லைசென்ஸ் சர்வரோடு ஒட்டிக்கொள்ளாமல், உள்ளே வருபவரின் கணக்கைப் பார்த்து வேலை செய்யும். ஒருவருக்கு 5 கணினி என்ற வழக்கமான வரம்பிலும் இது சேராது.

அப்புறம் தடுப்பு. முடிந்தால் விசியோவுக்குத் தனி செஷன் ஹோஸ்ட் (பயனர்கள் ரிமோட்டில் லாகின் செய்யும் சர்வர்) வைத்து, அந்த 4 பேர் குரூப்புக்கு மட்டும் லாகின் உரிமை கொடுங்கள். இதைவிடத் தெளிவான ஏற்பாடு இல்லை. ஒரே சர்வர்தான் என்றால் ஆப்லாக்கர், அதாவது யார் எந்த மென்பொருளைத் திறக்கலாம் என்று விதி போடும் விண்டோஸ் வசதி. இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் 'டினை' (மறுப்பு) போட்டு, 4 பேருக்கு 'அலோ' (அனுமதி) போட்டால், அந்த 4 பேரும் சேர்ந்தே தடுக்கப்படுவார்கள். ஆப்லாக்கரில் மறுப்பு விதிதான் எப்போதும் ஜெயிக்கும். அதனால் முதலில் டீஃபால்ட் விதிகளை உருவாக்குங்கள். அதில் புரோகிராம் ஃபைல்ஸை எல்லோருக்கும் அனுமதிக்கும் விதியைத் திறந்து, விசியோவின் இஎக்ஸ்இ கோப்பை விதிவிலக்காகச் சேருங்கள். பிறகு அந்த ஒரு கோப்பை 4 பேர் குரூப்புக்கு அனுமதிக்கும் தனி விதி. விண்டோஸின் அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சர்வீஸ் ஓடவில்லை என்றால் இது எதுவும் வேலை செய்யாது. முதலில் சில நாள், தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் ஆடிட் மோடில் விட்டு, ஈவென்ட் லாகில் 8003 எண்ணைத் தேடுங்கள். விதி அமலில் இருந்திருந்தால் யார் தடுக்கப்பட்டிருப்பார்கள் என்று தெரியும். அமலுக்கு வந்தபின் உண்மையான தடுப்புகள் 8004-இல் பதிவாகும். டீஃபால்ட் விதிகள் அட்மின்களுக்கு எல்லாவற்றையும் திறந்துவிடும் என்பதால், சாதாரணப் பயனர் யாருக்கும் அந்தச் சர்வரில் அட்மின் உரிமை இருக்கக் கூடாது.

செலவை மிச்சம் பிடிக்க நான்கு பேரும் ஒரே லாகினைப் பயன்படுத்தலாமே என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். கணக்கு ஒன்றானாலும் ஆள் நால்வர்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 30 பேருக்கும் விண்டோஸ் சர்வர் கேல் (சர்வரை அணுகுவதற்கான லைசென்ஸ்), அதற்குமேல் ஆர்டிஎஸ் கேல் (ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வருவதற்கான லைசென்ஸ்), இரண்டும் இருக்கின்றனவா? ஆர்டிஎஸ் கேல் இல்லாமலே 120 நாள் சலுகைக் காலம் ஓடும். ஆள்வாரி கேல் எண்ணிக்கை மீறினாலும் சர்வர் யாரையும் வெளியே நிறுத்தாது. அதனால்தான் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமலே கிடக்கிறது.

நாளைக்கு வேறு மென்பொருளை ஒரே நேரப் பயன்பாட்டு லைசென்ஸில் (ஒரே சமயத்தில் எத்தனை பேர் திறந்திருக்கிறார்கள் என்று எண்ணும் வகை) வாங்கினால், கணக்கு வேறு. அங்கே தலைவலி, லாக்ஆஃப் செய்யாமல் விண்டோவை மட்டும் மூடிவிட்டுப் போகிறவர்கள். செஷன் சர்வரில் உயிரோடு இருக்கும்வரை லைசென்ஸும் அவர்களிடமே இருக்கும். துண்டிக்கப்பட்ட செஷனுக்கு குரூப் பாலிசியில் நேர வரம்பு வையுங்கள். இப்படிப் பலர் லாகின் செய்யும் டெர்மினல் சர்வரில் ஓட்டவே கூடாது என்று சொல்லும் ஒப்பந்தங்களும் உண்டு. வாங்கும் முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

கடைசியாக, ஆதாரம். குரூப்பில் இருப்பவர்கள் பட்டியல், கொள்முதல் ரசீது, ஆப்லாக்கர் விதிகளின் எக்ஸ்போர்ட் கோப்பு, மூன்றையும் காலாண்டுக்கு ஒருமுறை தேதி போட்டு ஒரே ஃபோல்டரில் சேமியுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போன அன்றே குரூப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள்.