ஒரு முட்டைதான் இடும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் சோலைக்காட்டு ஓரமாக நடந்தபோது ஒரு கூட்டைப் பார்த்தேன். ஏனோதானோவென்று போட்ட குச்சிகள், கீழிருந்தே இடைவெளியில் ஒரு வெள்ளை முட்டை தெரிந்தது. பக்கத்தில் பெரிய புறா, பின்கழுத்தில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம். கூட வந்தவர் நீலகிரி காட்டுப்புறா, அரியது என்றார். எங்கள் அடுக்குமாடியில் புறாத் தொல்லைக்கு வலை கட்டியிருக்கிறோம், புறாவில் என்ன அரியது? அது பாதியில் விட்ட கூடா? படமெடுக்க மறுபடி போகலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

போகாதீர்கள். அது பாதிக் கூடு அல்ல, கூடே அவ்வளவுதான். முட்டையும் ஒன்றுதான் இடும்.

உங்கள் மாடியில் இருப்பது மாடப்புறா. இரண்டிரண்டாக வருடத்தில் பலமுறை முட்டையிடும், பாறை இடுக்கில் வாழ்ந்த பறவை என்பதால் நம் ஜன்னல் திண்டும் அதற்குப் பாறைதான். காட்டுப்புறாவுக்குப் பழமரங்கள் வேண்டும். ஒருமுறை சோலைக்குள் கருங்குரங்கு போல அடித்தொண்டையில் ‘ஊ’ என்று ஒரு குரல், அப்புறம் அடுத்தடுத்து ‘ஊ ஊ ஊ’. அண்ணாந்து பார்த்தால் சாம்பல் தலையும் செம்பழுப்பு முதுகுமாக இந்தப் புறா, நுனிக்கிளை வளைந்து ஆட ஆட, இலவங்கப்பட்டை மரக் குடும்பத்துப் பழங்களை எட்டி எட்டி முழுசாக விழுங்கிக்கொண்டிருந்தது. சின்னப் பறவைகளின் வாயில் கொள்ளாத பழங்கள் அவை, அவற்றின் விதை தாய்மரத்தை விட்டுத் தள்ளிப் போய் முளைக்க இப்படி ஒரு பறவை வேண்டும்.

பெயரில்தான் நீலகிரி. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக மகாராஷ்டிரம் வரை உண்டு, பெங்களூர் பக்கம் நந்தி மலையிலும் உண்டு, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அதன் உலகம். சோலையை அழித்துத் தேயிலையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வைத்த இடங்கள் தூரத்துக்குப் பச்சையாகத்தான் தெரியும், ஆனால் இதற்கு வேண்டிய பழம் அங்கே எங்கே இருக்கிறது? புலிக்கும் வரையாட்டுக்கும் பதறுகிற நாம், புறா என்ற பெயரைக் கேட்டதுமே இதைக் கடந்து போய்விடுகிறோம், எனக்கு அது பெரிய வருத்தம்.

சரி, படம். மார்ச்சிலிருந்து ஜூலை வரை இது கூடு கட்டும் காலம். கிட்டே போனால் சடசடவென்று எழும், அந்த வேகத்தில் முட்டை குச்சிகளிலிருந்து உருண்டுவிடலாம். ஆகஸ்டுக்கு அப்புறம் போங்கள், பழுத்த மரமாகப் பார்த்துப் பாதையிலேயே அசையாமல் நில்லுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், எனக்கும் வேண்டாம்.