ஜெர்மனியில் பேராசிரியர் ஆக வேண்டுமா? முதலில் ஒப்பந்தத் தேதியைப் பாருங்கள்

தம்பி, மென்பொருள் பொறியியலில் முனைவர் பட்டம் முடியப்போகிறது, வழிகாட்டி "இங்கேயே போஸ்ட்டாக்காக (பட்டத்துக்குப் பின் தற்காலிக ஆய்வாளராக) இரு" என்கிறார், ஜெர்மனியிலேயே பேராசிரியர் ஆக அது உதவுமா என்று கேட்டிருந்தீர்கள்.

உதவும். ஆனால் வேரூன்றிவிடாதீர்கள். பட்டத்துக்கு முன் 6 வருடம், பின் 6 வருடம். அதற்குமேல் தற்காலிக ஒப்பந்தத்தை நீட்டிப்பது லேசில்லை, சட்டமே அப்படி. குழந்தை பிறந்தால் கொஞ்சம் கூடும். நிரந்தரம் என்றால் பெரும்பாலும் பேராசிரியர் நாற்காலிதான். அதையும் சொந்தப் பல்கலைக்கழகமே தருவது அரிது. வெளியே போய்வந்தவரைத்தான் தேடுவார்கள்.

நேர்முகத்தை இங்கே 'ஃபோர்சிங்கன்' என்பார்கள். பாடகர்களின் குரல் தேர்வுக்கான வார்த்தை. நான் முதல்முறை 'பாடியது' இன்னும் கண்ணில் நிற்கிறது. மாதிரி வகுப்பை, 1968இல் ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த மென்பொருள் மாநாட்டின் கதையோடு தொடங்கினேன், நம் துறையின் பெயர் பரவியதே அங்கேதான் என்று. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தேர்வுக் குழுவில் மாணவர் பிரதிநிதியும் உண்டு. ஒரு பெண், நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து கேட்டாள்: "நூறு வரிக்கு மேல் நிரலே எழுதாத முதல் செமஸ்டர் பிள்ளைகள் 200 பேர். டெஸ்டிங் எதற்கு என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பீர்கள்?" பதில் ஆங்கிலத்தில் தயாராக இருந்தது. ஜெர்மனில் வரவில்லை. பல மாதம் கழித்துக் கடிதம் வந்தது: மூவர் பட்டியலில் மூன்றாம் இடம். முதல் இருவரும் மறுத்தால்தான் நமக்கு.

கட்டுரைகள் எத்தனை என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். ஜெர்மன் மொழியை யாரும் எண்ணுவதில்லை. அது தவறு.

இன்னொரு வழி, தொழில் சார்ந்த படிப்புகளுக்கான உயர்கல்வி நிறுவனமான ஃபாக்ஹோக்‌ஷூலே. நம் ஆட்கள் அதைச் சற்றுக் குறைவாகப் பேசுவார்கள், எனக்கு உடன்பாடில்லை. அங்கே 5 வருட வேலை அனுபவம் கேட்பார்கள், அதில் குறைந்தது 3 வருடம் கல்வி நிறுவனத்துக்கு வெளியே. வாரம் 18 பாடவேளை; பல்கலைக்கழகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆராய்ச்சிக்கு நேரம் திருடத்தான் வேண்டும். ஆனால் பழைய நிரலோடு மல்லுக்கட்டிய கம்பெனி வருடங்கள் அங்கே தகுதி. நான் கடைசியில் அப்படித்தான் உள்ளே வந்தேன்.

உங்கள் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, ஜெர்மன் எந்த நிலையில் இருக்கிறது? இரண்டையும் எழுதுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.