கடலோர ஊரில் பெற்றோர் வீட்டில் தேங்கிய சாமான்களை எப்படிக் குறைப்பது? மினிமலிசம் நம் ஊருக்கு ஒத்துவருமா?

தொண்டியில் உங்கள் உம்மாவின் வீட்டில் பரணும் பீரோவும் கட்டிலடியும் நிரம்பி, நடக்கவே வழியில்லாமல் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் எதையாவது ஒழிக்கலாம் என்று எடுத்தால் உம்மா தடுத்துவிடுகிறார். குறைந்த பொருட்களோடு வாழ்வது நம் கரையோர வீடுகளுக்குச் சரிப்படுமா என்பது உங்கள் கேள்வி.

நன்றாகவே சரிப்படும். மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குத்தான் அது அதிகம் தேவை என்பேன். காரணம் நம்முடைய காற்று. நான் கீழக்கரையில், உம்மா எனக்குக் கொடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். இந்த வீட்டின் பரணை உம்மாவோடு சேர்ந்து இறக்கி ஒழுங்கு செய்தவள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் பெரியவர்கள் பேராசையால் பொருள் சேர்ப்பதில்லை. பிற்காலத்தில் யாருக்காவது உதவும், மகள் கல்யாணத்துக்கு ஆகும், பேரன் வந்தால் கேட்பான் என்றுதான் எடுத்து வைக்கிறார்கள். உள்நாட்டு ஊர்களில் இந்தக் கணக்கு ஓரளவு பலிக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் பலிக்காது. காற்றில் வரும் உப்புத் துகள் பீரோவின் கதவு இடுக்கிலும் பெட்டியின் பூட்டிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கரையில் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கமான விஷயம். ஆகவே ஒரு துளி மழை படாமலேயே இரும்பின் மேல் உப்புத் தண்ணீர் நிற்கிறது. காலையில் காய்கிறது, இரவில் மறுபடியும் நனைகிறது. அன்றாடம் கைபடும், துடைக்கப்படும் பொருள் தப்பித்துக்கொள்கிறது. பத்திரமாக மூடி வைத்ததுதான் முதலில் கெடுகிறது.

இரும்பு மட்டும் கெடுவதில்லை. விசேஷத்துக்கு மட்டும் போடலாம் என்று அட்டைப்பெட்டியில் வைத்த ஷூவின் அடிப்பாகம், போட்டு நாலு அடி நடந்ததும் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். பல ஷூக்களில் அந்தப் பாகம் பாலியூரித்தேனால் ஆனது. காற்றின் ஈரம் அதைச் சும்மா கிடக்கும்போதே சிதைத்துவிடும். எமர்ஜென்சி விளக்கும் அப்படித்தான். பழைய வகை விளக்குகளில் இருப்பது ஈய அமில பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் உள்ளே இருக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் மின்சாரம் கொடுத்தாலும் அது ஏறாது. புயல் நேரத்துக்கு உதவும் என்று அலமாரியில் வைத்த விளக்கு, புயல் வரும்போது எரியாமல் போவது இதனால்தான்.

எனவே இந்த விஷயத்தில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு முறையைச் சொல்கிறேன்: கொடுப்பதென்றால், பொருள் நன்றாக இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். கெட்ட பிறகு கொடுத்தால் வாங்குகிறவருக்கு அது சுமை. நமக்கும் அது தர்மக் கணக்கில் சேராது.

இனி உம்மா விஷயம். இதுதான் உண்மையில் கடினமானது.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நம் ஊர்களில் பல வீடுகள் வளைகுடாவிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் வந்த பணத்தில் நின்றவை. எங்கள் வாப்பா துபாயில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ரெக்சின் பையில் தடித்த போர்வை கொண்டு வருவார், புலிப் படமோ பெரிய ரோஜாப் படமோ போட்டது. கூடவே பிளாஸ்க், மெலமைன் தட்டு செட், தங்கக் கோடு போட்ட தேநீர்க் கோப்பைகள். நம் ஊர் வெயிலில் அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்க முடியாது. ஆனாலும் ஒவ்வொன்றும் பரணுக்குப் போனது, எனக்கும் லாத்தாவுக்கும் (அக்காவுக்கும்) கல்யாணத்துக்கு என்று. வெளியார் கண்ணுக்கு அவை தேவையில்லாத போர்வைகள். உம்மாவுக்கோ ஒவ்வொன்றும் வாப்பா வீட்டில் இல்லாமல் கழிந்த ஒரு காலம். "இதையெல்லாம் ஏன் வைத்திருக்கிறீர்கள்" என்று நாம் கேட்டால், அவர் காதில் "அந்தக் காலம் எதற்கு" என்று விழுகிறது. உங்கள் உம்மா தடுப்பதும் அதனால்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு நாள் லாத்தா பரணிலிருந்து ஒரு பையை இறக்கித் திறந்தார். ஜிப் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. பையைக் கிழித்துத்தான் எடுக்க முடிந்தது. போர்வையின் மடிப்பெங்கும் துருக் கறை, பூஞ்சை வாடை. உம்மா அதைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் தடவிப் பார்த்தார். "அப்போதே யாருக்காவது கொடுத்திருக்கலாமே" என்றார். நாங்கள் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே அடுத்த பையை இறக்கச் சொன்னார். நல்ல நிலையில் இருந்தவற்றை வெயிலில் காய வைத்தோம். யாருக்கு எது என்பதை முழுக்க உம்மாவே முடிவு செய்தார். இரவில் கடலுக்குப் போய்ப் படகில் தங்குகிறவர்களுக்கு மார்கழியில் போர்வை தேவைப்படும், அங்கே சில போயின. பெங்களூரில் படிக்கும் பிள்ளைக்கு ஒன்று. ஒன்றை உம்மா தனக்கென்று வைத்துக்கொண்டார், அதில் யாரும் தலையிடவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: குப்பை என்ற சொல்லை அந்த வீட்டில் உச்சரிக்காதீர்கள். உம்மா இல்லாத நேரத்தில் எதையும் வெளியே அனுப்பாதீர்கள். ஒரு முறை அப்படிச் செய்தாலும் அவர் அடுத்த பல வருடங்களுக்கு எதையும் கையிலிருந்து விடமாட்டார். பொருளை எடுத்துக் கையில் கொடுத்து, அது எப்போது வந்தது, யார் கொண்டு வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். பிறகு "இது யாருக்கு உதவும் உம்மா?" என்று கேளுங்கள். வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் பதில் வரும்.

நகரத்துக்காரர்கள் சொல்லும் விதிகளில் ஒன்றை மட்டும் நான் ஏற்பதில்லை. ஓராண்டு தொடாத பொருளை ஒழித்துவிடு என்பார்கள். நம் வீடுகள் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெருநாளுக்கும், கல்யாணத்துக்கும், ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவுக்கும் வீடு நிறைந்து வழியும். சஹன் என்ற பெரிய தட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற ஊரில் சஹன் இல்லாமல் எப்படி? ஆனால் வீட்டுக்கு வீடு தேக்சாவும் அண்டாவும் அடுக்கி வைக்கத் தேவையில்லை. தெருவுக்கோ ஜமாஅத்துக்கோ பொதுவாக ஒரு தொகுப்பு இருந்தால் போதும். வேண்டும்போது எடுத்துப் புழங்கலாம். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே வெள்ளீயம் பூசாமல் அவற்றில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது. அதைப் பூசுகிறவர்களோ இப்போது தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை. உம்மாவின் சீராக வந்ததில் அவருக்குப் பிடித்த ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, மற்றதைப் பொதுவில் சேர்ப்பதோ, பாத்திரக் கடையில் எடைக்குப் போடுவதோ நல்லது. பித்தளைக்கும் செம்புக்கும் எடைக்கு நல்ல விலை உண்டு, பழைய இரும்புக் கடை விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தண்ணீர்க் குடங்களையும் டிரம்களையும் குறைக்கச் சொல்லும் எவர் பேச்சையும் கேட்காதீர்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் தண்ணீர் நிலைமை அவர்களுக்குத் தெரியாது. உங்கள் தெருவுக்குக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறதோ அதற்கு ஏற்றபடி பாத்திரம் இருக்க வேண்டும், ஒரு நாள் கூடுதலாகவே இருக்கட்டும். ஓட்டை விழுந்த குடம், மூடி தொலைந்த டிரம் ஆகியவற்றை மட்டும் அனுப்பிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் நிரப்பும் முன் உட்புறத்தை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கட்டிலடியை முதலில் காலி செய்யுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழையில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறினால் முதலில் நனைவது தரையில் இருப்பதுதான். நம் வீடுகளில் பத்திரமும் பட்டாவும் பழைய பாஸ்போர்ட்டும் அங்கேதான் ஒரு தகரப் பெட்டியில் கிடக்கும். அசல் ஆவணங்களை நீர் புகாத ஒரே பையில் போட்டு, இடுப்பு உயரத்துக்கு மேலே, ஒரு கையால் எடுத்துக்கொண்டு ஓடும்படி வையுங்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

துணிகளுக்கு இரும்பு பீரோவைவிடக் காற்றோட்டமான மர அலமாரி மேல். நம் பனை ஓலைப் பெட்டியும் நல்லது, அதில் துருப்பிடிக்க எதுவும் இல்லை. துணியோடு காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு வைக்கலாம்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஒழிக்காதீர்கள். வாப்பா பேசி அனுப்பிய கேசட்டுகள் வீட்டில் இருந்தால் உடனே தேடி எடுங்கள். தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் வளைகுடாவிலிருந்து குரலைப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அந்த நாடாவிலும் பூஞ்சை பிடிக்கும், சில நாடாக்களில் பழைய பசை இளகி ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு கம்பி மூலம் கணினியில் பதிந்துகொள்ளுங்கள். வெள்ளைப் படலம் தெரிந்தால் நீங்களாக ஓட்டிப் பார்க்காமல் இதைத் தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுங்கள். பரண் முழுவதையும் ஒழித்தாலும் கிடைக்காத மன நிறைவு இந்த ஒரு வேலையில் உங்கள் உம்மாவுக்குக் கிடைக்கும்.

வீட்டைவிட்டுப் போகும் பொருள் கடற்கரைக்குப் போகக் கூடாது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. எங்கள் கரைக்கு நேரே அப்பா தீவும் முல்லித் தீவும் இருக்கின்றன. கரையில் கொட்டிய பழைய வலையும் நைலான் கயிறும் பிளாஸ்டிக்கும் அலையோடு அங்கே போய்ப் பவளத்தில் சிக்குகின்றன, ஆமையின் கழுத்தைச் சுற்றுகின்றன. எரித்தாலும் அந்தப் புகை நம் பிள்ளைகளின் மூச்சில்தான். இரும்பு, காகிதம், உடைந்த பிளாஸ்டிக்கைப் பழைய இரும்புக் கடைக்கும், பேட்டரியையும் பழுதான மின்சாதனத்தையும் மின்கழிவு எடுக்கும் இடத்துக்கும் சேர்த்துவிடுங்கள்.

எப்போது தொடங்கலாம்? தொண்டி வடகடல் (பாக் நீரிணை) பக்கம். உங்களுக்கு வாடைக் காற்று தொடங்கிவிட்டால் ஈரம் ஏறிவிடும். எதையும் காய வைக்க முடியாது. ஆகஸ்ட், செப்டம்பரில் வெயில் இருக்கும்போதே விடுப்பு போடுங்கள். எங்கள் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில்தான் உப்பும் மணலும் வீட்டுக்குள் ஏறும், அதனால் நாங்கள் அதற்கு முன்பே பரணைப் பார்த்துவிடுவோம். ஒரு விடுமுறையில் முழு வீட்டையும் முடிக்க முயலாதீர்கள். ஒரு அலமாரி போதும்.

கடைசியாக, உள்ளே வருவதை நிறுத்தாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால் இந்த வேலை ஒருநாளும் முடியாது. அபுதாபியில் இருக்கும் என் காக்கா (அண்ணன்) ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் என்ன வேண்டும் என்று கேட்பார். முன்பெல்லாம் பட்டியல் நீளமாகப் போகும். இப்போது உம்மா கேட்பது முட்டுவலித் தைலமும் பேரீச்சம்பழமும் மட்டும். பெட்டிக்கு ஆகும் சரக்குக் கட்டணத்தைச் சேர்த்து வைத்து இன்னொரு முறை டிக்கெட் போட்டு வா என்று அவரே சொல்லிவிட்டார். காக்கா இந்த ஆண்டு நோன்புக்கும் வந்தார், ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வந்தார்.