ரெண்டர் வேறு, அனிமேஷன் வேறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரெண்டரையும் அனிமேஷனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவை. உருவத்தை நடிக்க வைப்பது அனிமேஷன். நடித்து முடித்ததை ஒளியும் நிழலும் சேர்த்துப் படமாக்குவது ரெண்டர். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முழுக்கக் கம்ப்யூட்டரில் எடுத்த முதல் முழுநீளப் படம் எது? ‘ட்ரான்’ என்று நண்பர் பந்தயம் கட்டுகிறார்.

நண்பர் தோற்றார். ‘டாய் ஸ்டோரி’, 1995. ‘ட்ரான்’ (1982) படத்தில் முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவானது கால் மணி நேரம் சொச்சம்தான். நடிகர்களின் உடையில் ஓடும் அந்த ஒளிக்கோடுகள், கருப்பு வெள்ளையில் படம் பிடித்து ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக, கையால் ஒளியூட்டியவை. முப்பரிமாணக் கம்ப்யூட்டர் உருவம் சினிமாவில் தலைகாட்டியது அதற்கும் முன்னால், ‘ஃப்யூச்சர்வேர்ல்ட்’ (1976) படத்தில். அதில் வரும் கை, பின்னாளில் ‘டாய் ஸ்டோரி’ எடுத்த பிக்ஸார் ஸ்டுடியோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது தன் இடது கையை அச்சு வார்த்து, அதன்மேல் கட்டம் போட்டு, புள்ளி புள்ளியாக அளந்து செய்தது.

‘ஜுராசிக் பார்க்’ டைனோசர்கள் எல்லாமே கம்ப்யூட்டர்தானே?

இல்லை. அந்த 1993 படத்தில் டைனோசர்கள் வரும் நேரம் மொத்தமே கால் மணி. அதில் கம்ப்யூட்டர் உருவங்கள் ஆறு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மற்றவை ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த இயந்திர பொம்மைகள். மழையில் வண்டியைத் தாக்கும் டி-ரெக்ஸ் காட்சியில் இரண்டும் மாறி மாறி வரும், கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடிப்பதில் பெயர் பெற்ற ஃபில் டிப்பெட்தான் முதலில் இந்த வேலைக்கு அமர்த்தப்பட்டவர். கம்ப்யூட்டர் சோதனைக் காட்சியைப் பார்த்ததும் திட்டம் மாறியது. ஆனால் அவரை அனுப்பிவிடவில்லை. மூட்டுக்கு மூட்டு உணரி பொருத்திய உலோக எலும்புக்கூடு ஒன்று தயாரானது. அதைக் கையால் அசைத்தால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டைனோசர் அதே போல அசையும். மௌஸே பிடித்திராத பொம்மைக் கலைஞர்களின் அனுபவம் அப்படித்தான் திரைக்குள் போனது. அந்த மிருகங்களின் கனம் இன்றும் நம்பும்படி இருக்கிறதென்றால் இதற்கும் அதில் பங்கு உண்டு.

கல்லூரியில் செமினார். அனிமேஷன் தொழில்நுட்பத்தின் முழு வரலாற்றையும் நாளைக்குள் அனுப்பி உதவவும்.

முடியாது. எந்தப் படம், எந்தக் காட்சி, என்ன சந்தேகம் என்று எழுதுங்கள். பதில் வரும்.

ஆரம்பகாலப் படங்களில் ஏன் பொம்மை, எறும்பு என்றே கதை எடுத்தார்கள்?

அன்றைக்குக் கம்ப்யூட்டருக்குச் சுலபமாக வந்தது வழவழப்பான, கெட்டியான பரப்பு. பிளாஸ்டிக் நன்றாக வரும். தோல், துணி, முடி வராது. பொம்மைகளைக் கதாநாயகர்களாக்கியது அந்தக் குறையைக் கதைக்குள்ளேயே கரைத்துவிட்ட சாமர்த்தியம். ‘டாய் ஸ்டோரி’யில் மனிதர்கள் வரும் இடங்களைப் பார்த்தால் புரியும்.

முடிக்கு விடிவு வந்தது 2001இல், ‘மான்ஸ்டர்ஸ் இங்க்’ படத்தில். சல்லி என்ற அந்த உருவத்துக்கு 23 லட்சம் முடி. அத்தனையையும் யாரும் தனித்தனியாக அசைக்கவில்லை. சில வழிகாட்டி முடிகளின் அசைவை மட்டும் கணக்கிட்டு, இடையில் இருப்பவற்றை அவற்றைப் பின்பற்றவிட்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் நிழல். ஒரு முடியின் நிழல் அடுத்த முடிமேல் விழாவிட்டால் ரோமம் தட்டையாக, வெளுத்துத் தெரியும். அதற்கென்றே புது முறையை பிக்ஸார்காரர்கள் ஒரு வருடம் முன்னதாக ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள். ‘ப்ரேவ்’ (2012) படத்துச் சுருட்டை முடிக்கு மறுபடியும் முதலிலிருந்து வேலை. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருளாகத் திரும்ப வேண்டும், ஆனால் ஸ்பிரிங் போல ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது.

கம்ப்யூட்டர் வேகம் ஆயிரம் மடங்கு கூடிவிட்டது. இன்னும் ஏன் ஒரு ஃபிரேமுக்கு மணிக்கணக்கு?

நல்ல கேள்வி. ‘டாய் ஸ்டோரி’யில் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் ஃபிரேம். ஒவ்வொன்றும் முக்கால் மணியிலிருந்து ஒரு நாளுக்கு மேல் வரை இழுத்தது. 18 வருடம் கழித்து ‘மான்ஸ்டர்ஸ் யூனிவர்சிட்டி’யில் சராசரியே 29 மணி நேரம். வேகம் கூடக் கூடக் கேட்பதும் கூடுகிறது. இதைக் கம்ப்யூட்டர் வரைகலை ஆய்வாளர் ஜிம் பிளின் முன்பே சொல்லிவிட்டார்: இயந்திரம் எவ்வளவு முன்னேறினாலும் ரெண்டர் நேரம் குறையாது.

முன்பெல்லாம் ஒளி எங்கெங்கே பட்டுத் திரும்பும் என்பதைக் கலைஞரே ஊகித்து, அங்கங்கே போலி விளக்கு வைப்பார். சிவப்புச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளின் கன்னத்தில் லேசான சிவப்பு வேண்டுமா, அங்கே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. இப்போது ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எத்தனை இடத்தில் மோதித் தெறிக்கிறது என்பதை இயந்திரமே தொடர்ந்து போய்க் கணக்கிடுகிறது. இதற்கான சமன்பாட்டை அதே துறை ஆய்வாளர் ஜேம்ஸ் கஜியா 1986இலேயே எழுதிவிட்டார். ‘மான்ஸ்டர் ஹவுஸ்’ (2006) அதை முழுநீளப் படத்துக்குக் கொண்டு வந்த முன்னோடி.

ஒரு எச்சரிக்கை: “ஒரு ஃபிரேமுக்கு இத்தனை மணி நேரம்” என்ற கணக்கை எங்கே பார்த்தாலும் எந்த வருடம், எந்த இயந்திரம், அதில் கணக்குப் போடும் கோர் எத்தனை என்று கேளுங்கள். அது இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

நடிகர் அசைவைப் பதிவு செய்வதற்கான சூட் மாட்டிக்கொண்டு நடிக்கிறார், மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அப்புறம் அனிமேட்டர்களுக்கு என்ன வேலை?

இதே கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது. டைட்டில் கார்டில் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஓடுகின்றனவே, அவர்கள் எல்லாம் யார் என்று நினைக்கிறீர்கள்?

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில் வரும் கொல்லம் என்ற உருவத்தை எடுத்துக்கொள்வோம். ‘தி டூ டவர்ஸ்’ (2002) வந்த நாளிலிருந்து, கொல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸ் சூட்டோடு நிற்கும் படத்தைக் காட்டி, “எல்லாம் இவர்தான்” என்கிறார்கள். அவர் அபாரமான நடிகர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முகம்? அன்றைக்குப் பதிவானது உடல் அசைவு. முகத்தை, செர்கிஸ் நடித்த வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு, இமையையும் உதட்டோரத்தையும் ஒவ்வொன்றாக நகர்த்தி அனிமேட்டர்கள் கையால் செய்தார்கள். முகத்தையும் ஒழுங்காகப் பதிவு செய்யும் வசதி பின்னால் வந்தது. ‘கிங் காங்’ (2005) படத்துக்கு முகத்தில் புள்ளி புள்ளியாக ஒட்டினார்கள். ‘அவதார்’ (2009) படத்தில் தலையில் மாட்டிய சின்ன கேமரா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, எல்லாம் பதிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த டேட்டாவை உருவத்துக்குள் போட்டதும் என்ன ஆகும்? நடிகரின் கால் நீளம் வேறு, உருவத்தின் கால் நீளம் வேறு. அதனால் பாதம் தரையில் வழுக்கும், இல்லாவிட்டால் தரைக்குள் புதையும். கையில் கோப்பை கொடுத்தால் விரல் கோப்பைக்குள் புகுந்து மறுபக்கம் வரும். குரங்கு என்றால் கை முழங்காலுக்குக் கீழே தொங்கும். நடிகர் தன் இடுப்பில் வைத்த கை, குரங்குக்குத் தொடையில் போய் உட்காரும். ஒருவர் உட்கார்ந்து, அசைவைக் காட்டும் வளைகோட்டைத் திரையில் திறந்து, எந்த ஃபிரேமில் குதிகால் தரையைத் தொட வேண்டும், அதற்கு எத்தனை ஃபிரேம் கழித்து எடை இடுப்பில் இறங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சரி செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்கிற கண்தான் அனிமேட்டர்.

கண் என்றதும் ‘போலார் எக்ஸ்பிரஸ்’ (2004). உடல் பதிவு, முகப் பதிவு எல்லாம் உண்டு. ஆனால் கண்விழியில் புள்ளி ஒட்ட முடியாதே. பார்வையில் உயிர் இல்லை என்று உலகமே சொன்னது. மனிதனை ஏறக்குறைய ஒத்த, ஆனால் முழுதாக ஒக்காத உருவம் நம்மை நெருடும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதியிருந்தார்.

இதற்கு நேரெதிர் ‘ராட்டட்டூயி’ (2007). மோஷன் கேப்சர், அதாவது நடிகரின் அசைவைப் பதிவு செய்யும் இந்த முறை, எதுவும் பயன்படுத்தவில்லை, நூறு சதவீதம் அசல் அனிமேஷன் என்று இறுதி டைட்டிலிலேயே போட்டார்கள். ஆஸ்கர் விதியும் மோஷன் கேப்சரை மட்டும் வைத்து அனிமேஷன் என்று ஏற்பதில்லை. நான் கருவிக்கு எதிரி இல்லை. உழைத்தவர் பெயரை அழித்துவிட்டுக் கருவிக்கு மாலை போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பெரிய படங்களில் ஒரு அனிமேட்டர் வாரம் முழுக்க உழைத்தால் தேறுவது மூன்று நான்கு விநாடி. அடுத்த முறை “கம்ப்யூட்டர் செய்தது” என்று எழுதும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய படங்களில் மனிதத் தோல் பிளாஸ்டிக் மாதிரி இருப்பது ஏன்?

ஒளி தோலின் மேல்பரப்போடு திரும்பிவிடுவதாகக் கணக்கிட்டதால். உண்மையில் அது உள்ளே புகுந்து, சிதறி, வேறிடத்தில் வெளியே வரும். காதுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். இதை விரைவாகக் கணக்கிட 2001இல் ஆய்வாளர் ஹென்ரிக் வான் ஜென்சனும் மற்றவர்களும் வழி சொன்னார்கள். அடுத்த வருடமே கொல்லம் தோலில் அது வந்துவிட்டது.

தனி ஆளாகப் படம் எடுக்க முடியுமா? என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம்?

கம்ப்யூட்டரை அப்புறம் வாங்கலாம். ‘ஃப்ளோ’ (2024) லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் சின்னக் குழுவோடு, இலவச மென்பொருளான பிளெண்டரில் எடுத்து ஆஸ்கர் வாங்கிய படம். செலவு 35 லட்சம் யூரோ அளவில். பெரிய ஸ்டுடியோ படங்களோடு ஒப்பிட்டால் சில்லறை. தனி ஆளாக ‘அவே’ (2019) என்ற முழுநீளப் படத்தை எடுத்தவரும் அவரேதான். நீங்கள் முதலில் ஒரு பந்து தரையில் குதிப்பதை நம்பும்படி செய்யுங்கள். இறகுப்பந்துக்கும் இரும்புக் குண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அடுத்த கட்டம்.

‘இன்டூ தி ஸ்பைடர்-வெர்ஸ்’ வீட்டில் பார்த்தேன். சில இடத்தில் வெட்டி வெட்டி ஓடுகிறது, சில இடத்தில் வழவழவென்று. டிவி கோளாறா?

வெட்டுவது வேண்டுமென்றே செய்தது. பல காட்சிகளில் விநாடிக்கு 24 படத்துக்குப் பதில் 12 நிலைகள்தான். ஒவ்வொன்றும் இரண்டு ஃபிரேம் நிற்கும். ஆரம்பத்தில் கதாநாயகன் மைல்ஸ் பழகாதவன் என்பதால் அவன் இப்படி அசைவான், கூடவே பறக்கும் பீட்டர் 24இல் அசைவார். வழவழப்பு உங்கள் டிவி சொந்தமாக இடையில் ஃபிரேம் செருகுவதால் வருவது. மோஷன் ஸ்மூத்திங் என்று செட்டிங்ஸில் இருக்கும், அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.