கூச்சத்தோடு இயற்பியல் படிக்க முடியுமா?

கேள்வி: நான் இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பாடம் பிடித்திருக்கிறது, மதிப்பெண்ணும் மோசமில்லை. ஆனால் கூச்சம் ரொம்ப அதிகம். வகுப்பில் சந்தேகம் வந்தால் கேட்கவே மாட்டேன். லேபில் என் கூட்டாளி கருவியைப் பார்த்துக்கொள்வாள், நான் ரீடிங் எழுதுவதோடு சரி. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தெரிந்த பதில்கூட வாயில் வருவதில்லை. மேற்படிப்புக்கு ஆசை இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு இயற்பியல் சரிப்பட்டு வருமா?

பதில்: தாராளமாக வரும். பால் டிராக் என்ற குவாண்டம் இயற்பியல் மேதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் பேசுவதே அபூர்வம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொல் பேசினால் அது 'ஒரு டிராக்' என்று கேம்பிரிட்ஜில் கூட இருந்தவர்கள் அலகே வைத்துக் கேலி செய்தார்கள். 1933-ல் நோபல் பரிசு கிடைத்தபோது, ஊர் கண்ணெல்லாம் தன் மேல் விழுமே என்று பயந்து அதை மறுத்துவிடலாமா என யோசித்தாராம். மறுத்தால் இன்னும் அதிகமாகத்தான் பேசுவார்கள் என்று இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு எடுத்துச் சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார்.

சரி, அப்படியானால் கவலையில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஹென்றி கேவண்டிஷ் என்ற பழைய ஆங்கில விஞ்ஞானியும் இருக்கிறார். வீட்டு வேலைக்கு இருந்த பெண்களிடம்கூட சீட்டு எழுதிவைத்துத்தான் விஷயத்தைச் சொல்வாராம். பேசாதது போகட்டும், மின்சாரம் பற்றிச் செய்த சோதனைகளில் பெரும்பகுதியை அவர் வெளியிடவும் இல்லை. அவர் இறந்தது 1810-ல். அந்தக் குறிப்புகளை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் தொகுத்து அச்சில் கொண்டுவந்தது 1879-ல். பிரித்துப் பார்த்தால், பின்னாளில் கூலூம் விதி, ஓம் விதி என்று பெயர் பெற்றவற்றை அவர் முன்பே எட்டியிருந்தது தெரிந்தது. டிராக்கும் பேசாதவர்தான், ஆனால் எழுதியதை வெளியே கொடுத்தார். உங்களுக்கும் அதுதான் வழி. கூட்டத்தில் பேச வராவிட்டால் போகிறது, உங்கள் நோட்டை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும்.

வகுப்பில் எழுந்து "புரியவில்லை சார்" என்பது கூச்சக்காரர்களுக்கு மிகக் கஷ்டமான வாக்கியம். "எது புரியலை?" என்று திருப்பிக் கேட்டால் ஆள் காலி. அதனால் எந்த வரியில் தடுக்கியதோ அந்த வரிக்குப் பக்கத்திலேயே கேள்வியை எழுதிவையுங்கள். உதாரணமாக, பெட்டிக்குள் இருக்கும் துகள் கணக்கில் குவாண்டம் எண் பூஜ்யம் ஏன் கூடாது? இவ்வளவு போதும். வகுப்பு முடிந்ததும் நோட்டை நீட்டி அந்த இடத்தில் விரலை வையுங்கள், மீதியை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். சிடுசிடுக்கிற ஆசிரியரும் உண்டுதான். அவரை விட்டுவிட்டு இன்னொருவரிடமோ சீனியரிடமோ போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது லேப் விஷயம்தான். ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தை வைத்துச் செய்யும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். டெலஸ்கோப்பில் பார்த்தபடி மேசையை மெல்லத் திருப்பினால் பிம்பம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். ஓரிடத்தில் நிற்கும். கை அதே திசையில்தான் திருப்பிக்கொண்டிருக்கும், பிம்பமோ வந்த வழியே திரும்ப ஆரம்பிக்கும். அந்தத் திருப்பம்தான் சிறும திசைமாற்ற நிலை, அதாவது ஒளி மிகக் குறைவாகத் திசைமாறும் இடம். திருப்பியவள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள், பக்கத்தில் நின்று எழுதிய உங்களுக்குக் கிடைத்தது வெறும் கோண அளவு. "அந்த நிலையை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று வைவாவில் கேட்டால் அவள் பார்த்ததைச் சொல்வாள், நீங்கள் மனப்பாடம் செய்ததைத் தேடுவீர்கள். பதட்டத்தில் முதலில் காணாமல் போவது மனப்பாடம்தான். உங்கள் வைவா பயத்தில் பாதி கூச்சமே இல்லை என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்கு ஒத்திகை வேண்டும். முந்தின நாள், சோதனையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே ஒரு தோழியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவள் இயற்பியல் படிப்பவளாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது, குறுக்கே கேள்வி கேட்பாள். ஆனால் பயத்தில் வகுப்புக்கே போகாமல் இருப்பது, தூக்கம் கெடுவது என்ற அளவுக்குப் போனால், அது வேறு விஷயம். தள்ளிப்போடாமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

அப்புறம், கூட்டாளியிடம் கேட்கும் வேலையை லேபுக்குள் போகும்வரை விட்டுவைக்காதீர்கள். கருவி மேசைக்கு வந்துவிட்டால் அவள் கை பழக்கத்தில் அதன் மேல் போய்விடும், உங்களுக்கும் வாய் வராது. முந்தின நாளே மெசேஜ் அனுப்பிவிடுங்கள்: "நாளைக்கு நான் அட்ஜஸ்ட் பண்றேன், நீ ரீடிங் எழுது."